அறுபதில் தீட்டு

கல்பாத்தி. 1974, ஆடி, செவ்வாய்.

எப்போதோ தீட்டு நின்றுபோன மாமியாருக்கு மறுபடி உதிரம் கண்டது. "அறுபதானா என்ன, தூரம்னா தூரம்தான்" என்று மாமனார் அவரைக் கொல்லை அறையில் தள்ளி உட்காரவைத்தார். நாலாம் நாளும் நிற்கவில்லை. அதனால் அங்கேயே கிடந்தார். ஜுரத்தில் பிதற்றியபோதும் யாரும் தொடவில்லை.

இன்று நான்தான் தூக்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"கர்ப்பப்பைக் கட்டி இந்த வயசுல சுருங்கணும். இவங்களுக்கு அபூர்வமா சீழ் பிடிச்சிருக்கு. இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?" என்று டாக்டரம்மா கத்தினார். கூட வந்த பெற்ற பிள்ளை, என் வீட்டுக்காரர், கட்டிலைத் தொடாமல் தள்ளியே நின்றார். நாளை ஆபரேஷன். பிழைப்பது சந்தேகமாம்.

வீடு திரும்பியதும் மாமனார் அவர் எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. "அவளைத் தொட்டிருக்கே. குளிச்சுட்டு அடுக்களைக்குள்ள போ" என்றார்.

நான் குளிக்கவில்லை. அந்தக் கையாலேயே ரசம் வைத்தேன். மாமனார் இன்னும் ரெண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.