கணிதப் பிரிவில் நான்கு பேர்

வவுனியா
20.07.2025

அன்பின் ஜெசிதாவுக்கு,

சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். றொபினுக்குச் சுன்னாகம் வங்கிக் கிளைக்கு மாற்றம் கிடைத்துவிட்டது; குடும்பத்தோடு வருகிறோம். மகள் பிரசாந்தி சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் செய்திருக்கிறாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கப் போகிறாளாம். எங்கே சேர்ப்பது? மாமி, "பேர் எடுத்த பள்ளிக்கூடமாய்ப் பார். நாளைக்குக் கலியாணம் பேசேக்கையும் அதைத்தான் கேப்பினம்" என்கிறார். நீ புத்தூரில் நெடுநாளாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். அங்குள்ள பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டு எழுது. தொலைபேசியில் கேட்டால் சிரித்துச் சமாளித்துவிடுவாய்.

அன்புடன்,
நிமலினி

புத்தூர்
27.07.2025

அன்புள்ள நிமலினி,

உங்களுக்குப் போய்வரக்கூடியவை இரண்டு. ஒன்று பெரிய கல்லூரி. எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகூடம் நல்லது. கணித வகுப்பில் அறுபது பேர். இரண்டாம் வருடத்தில் பாதிப் பேர் வகுப்புக்கு வராமல் காசு கட்டிப் படிக்கும் ரியூட்டறிக்குப் போய்விடுவார்கள். "பேருக்குத்தான் மிஸ் பள்ளிக்கூடம், படிப்புக்கு ரியூசன்" என்று அங்கு படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடமே சொன்னாள்.

மற்றது எங்கள் பள்ளிக்கூடம். கணிதப் பிரிவில் நான்கு பேர். எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொல்ல நேரமிருக்கிறது. ஆனால் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. தை மாதம் வரலாம், வராமலும் விடலாம்.

இன்னொன்றும் நீ அறிய வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் ஐந்தாவது பிள்ளை சேராவிட்டால் பிரிவை மூடச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகப் பிரசாந்தியை நான் கேட்க மாட்டேன். அவளைப் பெரிய கல்லூரியில் சேர்.

ஜெசிதா

சுன்னாகம்
24.08.2025

அன்பின் ஜெசிதா,

பெரிய கல்லூரியில் சேர்த்துவிட்டோம். பிரசாந்தி உன்னிடம் வரத்தான் ஆசைப்பட்டாள். "நாலு பேர் எண்டால் அன்ரி என்னைக் கவனிப்பா தானே" என்றாள். றொபின், "அன்ரி கவனிப்பா, ஓம். இரசாயனம் ஆர் படிப்பிக்கிறது, அந்த நாலு பேருமோ?" என்று கேட்டார். உனக்குக் கோபமோ?

ஒரு உதவி. ஞாயிறு ஆராதனை முடிய அவளை உன் வீட்டில் கொண்டுவந்து விட்டால் பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பாயா? இங்கே எல்லோரும் இப்போதே ஆளுக்கொரு ஆசிரியரைப் பிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் கொடுப்பதைவிடக் கூடவே தருவோம்.

நிமலினி

புத்தூர்
07.09.2025

நிமலினி,

பிரிவை மூடிவிட்டார்கள். நான்கு பேரில் இரண்டு பேர் பிரசாந்தியின் வகுப்புக்கே வந்திருப்பார்கள். ஒருத்தி வர்த்தகத்துக்கு மாறினாள். நான்காமவன் யதுசனுக்குத் தோட்டத்து வேலையும் இருப்பதால் தூரம் போக முடியாது. எங்களிடமே கலைப் பிரிவில் சேர்ந்துவிட்டான். "பறவாயில்லை மிஸ், உங்களையும் கண்டுகொண்டு இருக்கலாம் தானே" என்றான். எனக்கு ஒன்பதாம் தர விஞ்ஞானம் தந்திருக்கிறார்கள்.

கோபமில்லை. நான் எழுதியபடிதான் நீ செய்தாய். ஆனால் ஞாயிறு வகுப்புக்கு என்னைக் கேளாதே. பள்ளிக்கூடத்தில் நான்கு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை ஒருத்திக்கு வீட்டில் வைத்து விற்க மனம் வரவில்லை.

அவளுடைய கல்லூரியிலும் பௌதிகவியலுக்கு ஒருவர் இருக்கிறார். விளங்காததை வகுப்பில் எழும்பி அவரிடம் கேட்கச் சொல்லு. மணி அடித்த பிறகும் நின்று சொல்லித்தருவார். படிப்பிக்கிற எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

ஜெசிதா