ஒன்பதாம் கட்டிலின் இருமல்

ஜனவரி 20, திங்கள்

மாத்தூரிலிருந்து எத்தனை சீக்கிரம் கிளம்பினாலும் கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால்தான் உண்டு. இன்றைக்கும் வார்டுக்கு லேட். மூன்றாம் வருஷ நர்சிங் பிள்ளைகள் எட்டு பேர் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆண்கள் வார்டு ஒன்பதாம் கட்டிலில் ஜெயவேல் என்று ஒரு துறைமுக லாரி டிரைவர். பக்கவாதம், விழுங்க முடியாது. அவரை வைத்து மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதைக் காட்டினேன். முதலில் சிரிஞ்சால் இழுக்க வேண்டும். வயிற்றுத் தண்ணீர் வந்தால் குழாய் வயிற்றில்தான் இருக்கிறது, ஊற்றலாம்.

வியாசர்பாடி சங்கமித்ரா கை தூக்கினாள். "இழுத்தா ஒண்ணுமே வரலேன்னா என்ன மேம் பண்றது?"

எப்போது பார்த்தாலும் இவள்தான். இன்னும் நாலு கட்டில் பாக்கி இருக்கிறது. "அதெல்லாம் அப்புறம். எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேம்." எட்டுக் குரலும் ஒன்றாக. அவள் குரலும்தான்.

ஜனவரி 21

மத்தியானம் ஜெயவேலுக்கு சங்கமித்ரா கஞ்சி ஊற்றியிருக்கிறாள். மாணவிகள் தனியாக ஊற்றக் கூடாது. ஆனால் வார்டில் ஆள் இல்லை, அவர்கள்தான் ஊற்றுகிறார்கள், எல்லோருக்கும் தெரியும். நான் பெண்கள் வார்டில் இருந்தேன். அங்கேயே கேட்டது இருமல். ஓடி வருவதற்குள் உதடு நீலம். குழாய் நழுவி மேலே வந்திருக்கிறது. கஞ்சி நுரையீரலுக்குப் போய்விட்டது. ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன் மேம். ஒண்ணும் வரல."

சிரிஞ்சை அவள் கீழே வைக்கவே இல்லை.

அந்த இருமல் — தண்ணீருக்குள்ளே இருந்து இருமுகிற மாதிரி.

ஜனவரி 24

ஜெயவேல் போய்விட்டார்.

ஜனவரி 27, திங்கள்

பிரின்சிபால் ரூமில் விசாரணை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். செய்து காட்டினேன், புரிந்ததா என்று கேட்டேன், எல்லோரும் புரிந்தது என்றார்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சங்கமித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்வியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மற்ற ஏழு பேரும் திறக்கவில்லை. நான்?

அவள் மறு உத்தரவு வரும்வரை வார்டுக்கு வரக் கூடாதாம்.

ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "இருமக்கூடவா கூடாது?" என்று ஜெபசிங் கேலி செய்கிறார். அவருக்கு என்ன, வண்ணாரப்பேட்டையில் துணி விற்கிறார். துணி இருமாது.

ஜனவரி 31

ஜெயவேலின் மனைவி பச்சையம்மா வார்டுக்கு வந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். புருஷனுக்காக வாங்கிய கஞ்சி மாவு டின், பிரிக்காதது. "வூட்ல வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? யார்னா இல்லாதவங்களுக்குக் குடு சிஸ்டர்" என்று என் கையில் வைத்தாள். போகும்போது திரும்பி, "அந்தக் கறுப்பா ஒரு பொண்ணு, அதான் எங்காள நல்லா பாத்துக்கிச்சு. எங்க, காணோம்?"

லீவு என்றேன்.

இவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கவாதம் முற்றிவிட்டது என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 3

பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் ஆளே இல்லை.

பிப்ரவரி 5, புதன்

சங்கமித்ரா படிப்பை நிறுத்தப் போகிறாள் என்று மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் வியாசர்பாடிக்குப் போனேன். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டாள், வார்டில் நிற்கிற மாதிரியே. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"பிரின்சிபால்கிட்ட நீ ஏன் சொல்லல?"

"இன்னா சொல்றது மேம்? புரிஞ்சுதுன்னு நானும்தான சொன்னேன்."

"புரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "செகண்ட் இயர்ல ஒருவாட்டி சொன்னேன் மேம். இதுகூடத் தெரியாம எப்டி பாஸாகி வந்தேன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கண்டிப்பான டீச்சர் என்று பேர் வாங்கியதே அப்படித்தானே.

"இழுத்தேன், வரல. உங்களைக் கூப்பிடலாமான்னு பாத்தேன். கூப்ட்டா திட்டுவீங்க. ஊத்திட்டேன்." அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். "கண்ண மூடினா இருமறாரு மேம்."

உனக்குமா, என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 6

பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள், நான் அப்புறம் என்றேன், அந்த அப்புறம் வரவே இல்லை. விசாரணை இனி என்மேல் நடக்குமாம், அந்தப் பெண் வார்டுக்கு வரலாமாம். "அந்தக் குடும்பத்துக்கிட்ட மட்டும் நீங்களா போய் எதையும் பேசாதீங்க தேவகிருபை."

சரி என்று தலையாட்டினேன். நானும் ஒரு "புரிஞ்சுது மேம்".

பிப்ரவரி 17, திங்கள்

சங்கமித்ரா வந்துவிட்டாள், ஆனால் குழாயைத் தொட மாட்டேன் என்கிறாள். ஸ்கில் லேபில் பழகிப் பார்க்கும் பொம்மை கிடக்கும் மேஜையில் நான் ஏறிப் படுத்துக்கொண்டேன். "என் மூக்குல போடு." மற்ற பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். இரண்டு முறை குமட்டி, மூன்றாவது முறை இறங்கியது. தொண்டையில் குழாயோடு கிடந்தபோது தெரிந்தது, இந்த நிலையில் ஒருத்தரால் ஒன்றுமே சொல்ல முடியாது. இருமத்தான் முடியும்.

"மேம், வலிக்குதா?"

வலித்தது. தலையாட்டினேன். அவள் தன் கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஜெயவேலுக்கும் இப்படித்தான் பிடித்திருப்பாள்.

மார்ச் 12, புதன்

ஒன்பதாம் கட்டிலில் எண்ணூர்க்காரர் ஒருவர். சங்கமித்ரா குழாயில் சிரிஞ்சை மாட்டி இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. வார்டு சிஸ்டர் அன்புக்கரசி தூரத்திலிருந்தே, "ஊத்துமா, டாக்டர் ரவுண்ட்ஸ் வராரு" என்று சத்தம் போட்டாள்.

"ஒண்ணும் வரல சிஸ்டர். ஊத்த மாட்டேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். அன்புக்கரசி என்னைப் பார்த்தாள். "டாக்டர் குழாயைப் பாக்கட்டும், அதுவரைக்கும் கஞ்சி கெடயாது" என்று சங்கமித்ராவே சொன்னாள்.

எண்ணூர்க்காரருக்குக் கஞ்சி ஊற்றும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. இருமவில்லை.

அத்தனை பேர் முன்னால் அவளால் வாய் திறக்க முடிந்திருக்கிறது. என்னால்?

மார்ச் 15, சனி

காசிமேடு போனேன். பச்சையம்மா வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா சிஸ்டர், இவ்ளோ தூரம்?" என்று சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி, நான் சொன்ன "அப்புறம்", கஞ்சி, நுரையீரல். எதையும் விடவில்லை. அவள் கத்தி பாதி மீனில் நின்றுவிட்டது. திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் போனேனோ என்னவோ.

"அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் கீதா?"

"இருக்கா."

மீதி மீனை வெட்டி முடித்தாள். கையைக் கழுவினாள்.

"அந்தப் பொண்ணு அங்கயே இருக்கட்டும்" என்றாள். "நீ போ."