லிப்ரெரியாவின் மூன்றாவது பொருள்

பலேர்மோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா பக்கத்தில் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல சுதாஜினி எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் நானும் சுகம், லெஸ்டர் குளிரில் நெஞ்சில் சளி பிடிக்காமல் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைத்துக் கும்பிட்டபிறகுதான் அம்மா பேனாவை என் கையில் தந்தார். “புத்தகங்களைத் திருப்பிக் குடுக்கேல்லை எண்டு முதல் வரியிலை எழுது” என்றார். மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறேன், அதுவே பிந்திவிட்டதாம். போனில் என்றால் நீங்கள் ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் சத்தம் போட்டுக் கடைசியில் யாராவது வெட்டிவிடுகிறீர்கள். எனக்கோ போனைக் காதில் வைத்தாலே சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் கடிதம். அம்மா சொல்வதோடு நான் சொல்ல இருப்பதும் இதில் வரும்.

நான் முதலில் கவனித்தது தூசியைத்தான் அண்ணா. அம்மா வேலை செய்த சினியோரா அசுந்தாவின் வீட்டில் வியாழக்கிழமைகளில் புத்தக அலுமாரி துடைப்பது என் வேலை. நீங்கள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, கபோச் சந்தைக்குப் பின்னால், மீன்காரரின் கூவல் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறிவரும் பழைய வீடு. அலுமாரி தரையிலிருந்து கூரை வரைக்கும் நிற்கும். சில புத்தகங்களின் தலையில் தூசி இருக்கும், சிலவற்றில் இருக்காது. தூசி இல்லாதவை அந்தக் கிழமை அவர் எடுத்து வாசித்தவை என்று எனக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது. அவற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானும் திறக்கத் தொடங்கினேன். ஒருநாள் துணியும் கையுமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் காலால் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். இங்கே அரண்மனைத் தேவாலயத்தின் மரக்கூரை பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது, அவ்வளவு உயரத்தில் சதுரங்கம் விளையாடுகிறவர்களையும் கூத்தாடுகிறவர்களையும் வரைந்து வைத்திருக்கிறார்கள், கீழே நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது, தெரியாவிட்டாலும் விரல் நகம் வரைக்கும் வரைந்திருக்கிறார்கள். இன்னொன்றில் நூறு வருடத்துக்கு முதல் எங்கள் துறைமுகத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேற நிற்கிற சிசிலிச் சனத்தின் படங்கள். மூட்டை கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்து அம்மா, “இதென்ன எங்கடை ஆக்களே?” என்று கேட்டார். பெரிய வீடுகளில் வேலை செய்த பெண்களைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. நாங்கள் வருகிறோமா என்று கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன். வரவில்லை, நாங்கள் வருவதற்கு முன்னமே அந்தப் புத்தகம் முடிந்துவிடுகிறது.

சினியோரா இனித் தனியாக இருக்க முடியாது என்று போன மாதம் மகள் வந்து ஜெனோவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கப்பலுக்குப் புறப்பட முதல் சினியோரா அம்மாவின் கையைப் பிடித்து, லிப்ரெரியா பிள்ளைக்கு என்று சொன்னார். அம்மா படியில் வைத்து, “லைப்ரரி முழுக்க உனக்காமடி!” என்றார். இத்தாலியனில் லைப்ரரிக்கு வேறு சொல். லிப்ரெரியா என்றால் புத்தகக் கடை, இல்லாவிட்டால் புத்தக அலுமாரி, பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அவ்வளவுதான். அம்மா காதில் இங்கிலீசை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே, அப்பா வந்த புதிதில் அறைக்கு அலைந்தபோது கமரா வாடகைக்கு என்று கதவில் எழுதியிருந்ததைப் பார்த்து, கமரா என்றால் இங்கே அறை என்று தெரியாமல், படம் பிடிக்கிற கமரா எனக்கு எதற்கு என்று தாண்டிப் போனவர். அந்தப் படியிலேயே நான் அம்மாவைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கூச்சத்தால் என்று நினைப்பீர்கள். கூச்சம் இல்லை அண்ணா, எனக்குப் புத்தகங்கள் வேண்டும். கீழ்வீட்டு மொறிசியஸ்காரர் மூர்கென் தன் மூன்று சில்லு லாப்பா வண்டியைக் கொண்டுவந்தார், பத்தொன்பது வாழைப்பழப் பெட்டி, மூன்று ஓட்டம். கோழியை விட்டுவிட்டு முட்டையைத் தூக்குகிற ஆட்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அந்த அலுமாரி நல்ல மரம் அக்கா என்று அம்மாவைப் பகிடி பண்ணிக்கொண்டே ஏற்றினார்.

செவ்வாய்க்கிழமை சினியோராவின் மகன், அம்மா டொத்தோரே என்று சொல்வாரே அவர், போன் எடுத்தார். என் தாய் தந்தது அலுமாரியை, நீங்கள் எடுத்தது புத்தகங்களை, கள்ளர் என்று சொல்லமாட்டேன், உங்களுக்கு மொழி விளங்கவில்லை, சனிக்கிழமை வந்து ஏற்றுகிறேன் என்றார். ஓவியப் புத்தகங்களைப் பார்க்க ஒருவர் வருகிறாராம், மற்றவை பழைய கடதாசிக்காம். அடுத்த மாதம் தன் வீட்டு வேலைக்கு அம்மாவை எடுத்துக் கொன்ட்ராத்தோ எழுதித் தருவதாகச் சொன்னதையும் ஞாபகப்படுத்தினார். அந்த ஒப்பந்தம் இல்லாமல் இந்த நாட்டில் இருக்க அம்மாவுக்குள்ள அனுமதியை, பெர்மெஸோவை, புதுப்பிப்பது கடினம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு இரவு போனில் இதைக் கேட்டு நீங்கள் சொன்னதையும் எழுதுகிறேன். “அம்மா, உங்களுக்கு இத்தாலியன் விளங்காது, பேசாமல் குடுத்திட்டு சொறி சொல்லுங்கோ.” பிறகு என்னிடம், “ஒண்டிலையும் பேர் கீர் எழுதிப் போடாதை, இருந்த மாதிரியே குடுக்கவேணும்” என்றீர்கள். டொத்தோரே சொன்னபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார். நீங்கள் அதையே சொன்னபோதுதான் கத்தியைக் கீழே வைத்தார்.

புதன்கிழமை பெட்டிகளைச் சரிபார்த்தபோது ஒன்பதாவது பெட்டியின் அடியில் பெரிய இத்தாலிய அகராதி இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று அந்தச் சொல்லைத் தேடினேன். முதலாவது பொருள் கடை. இரண்டாவது அலுமாரி. மூன்றாவது, ஒருவரின் வீட்டில் சேர்ந்திருக்கிற புத்தகங்கள் எல்லாம். எண்பத்துநாலு வயதுப் பெண் பழைய சொல்லைப் பழைய பொருளில்தான் சொல்லியிருப்பார். அதோடு எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அம்மாவின் ஒப்பரேசன் நேரம் சினியோரா எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையை உயர்த்தி எங்கள் கூரையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தவர். கூரையைக் கையால் தொட்டவர் மூன்று மீற்றர் அலுமாரியை இந்த வீட்டுக்குத் தருவாரா? அம்மா பிழையான வழியால் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார். ஜெனோவாவுக்குப் போன் எடுத்துச் சினியோராவைக் கேட்போமா என்றதற்கு அம்மா விடவில்லை. “தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவிலை நாங்கள் போய் நிக்கிறதே? அந்த வயசிலை அவவுக்கு இந்தத் தலையிடி வேண்டாம்” என்றார். ஆனால் திருப்பிக் கொடுக்கவும் சம்மதிக்கவில்லை. “குடுத்தால் எடுத்தது களவெண்டு நாங்களே கையெழுத்து வைச்சமாதிரி” என்றார்.

நேற்று டொத்தோரே தள்ளுவண்டியோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் சாப்பாட்டுக்கடை வேலையில். அம்மா கதவைத் திறந்தார், நான் அகராதியோடு வாசலில் நின்றேன். பெட்டிகள் எங்கே என்று டொத்தோரே கேட்டார். வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் செய்கிறதுபோல நான் புத்தகத்தால் முகத்தை மறைத்தேன். அம்மா பின்னாலிருந்து, “வாசியடி, அவர் நிண்டு கேட்பார்” என்றார். முதலாவது பொருளை வாசித்தேன். இரண்டாவதை வாசித்தேன். பார்த்தாயா, அதுதான் என்றார் டொத்தோரே. இன்னும் முடியவில்லை என்றேன். ஒரு பெரிய மனிதருக்கு நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல்தடவை. மூன்றாவதையும் வாசித்தேன், படியில் மூர்கென் நின்று கேட்கிற அளவு சத்தமாக. அவர் அகராதியை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடியைப் போட்டுத் தானே வாசித்தார். பிறகு, நீ பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே என்று கேட்டார். ஓம், விட்டுவிட்டு உங்கள் அம்மாவின் புத்தகங்களுக்குத் தூசி தட்ட வந்தேன் என்றேன். தாயைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று போனை எடுத்தார். கேளுங்கள் என்றார் அம்மா, நல்ல இத்தாலியனில். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றார், கடைசியில் நம்பரை அழுத்தாமலே சட்டைப்பையில் போட்டார். எனக்கு அதுவே போதும் அண்ணா. வீட்டு வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். மூர்கென் படியில் மேலே நின்று, டொத்தோரே, அலுமாரி அங்கேயே நிற்கிறது, வேண்டுமென்றால் லாப்பா தருகிறேன் என்று கூப்பிட்டார்.

ஆக வேலை போய்விட்டது, அதை மறைக்கவில்லை. பெர்மெஸோ முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. மூர்கெனின் மனைவி சில்வி தெரிந்த இரண்டு வீடுகளில் சொல்லியிருக்கிறார், நாளைக்கு அம்மாவும் நானும் போய்க் கேட்கப்போகிறோம். அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். “கொன்ட்ராத்தோ இன்னொரு வீட்டிலை கிடைக்கும். கள்ளி எண்ட பேரோடை எந்த வீட்டுக்கை போய்ப் படி துடைக்கிறது? என்ரை பிள்ளை மற்ற ஆக்களுக்குப் பயந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் விளங்கும், அவனுக்குத்தான் விளங்கேல்லை.” இந்தக் கடைசி வரியை வெட்டச் சொல்லிப் பிறகு வேண்டாம் இருக்கட்டும் என்றார்.

வேலைக்குப் போகும்போது இரண்டு சோடி காலுறை போடவும், இரவு வேலை என்றால் சோறு கொண்டு போகவும், கண்ட கண்ட கோப்பிகளைக் குடித்துவிட்டுப் படுக்கவேண்டாம் என்றும் அம்மா சொல்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவின் பிறந்தநாள், மறக்காமல் போன் எடுக்கவும், எடுக்கும்போது அம்மாவுக்கு மொழி விளங்காது என்ற கதையை மட்டும் எடுக்கவேண்டாம். முருகன் உன் கூடவே நடப்பான், எங்கே நின்றாலும் தலை குனியாமல் நில் மகனே என்பது அம்மாவின் ஆசீர்வாதம்.

அன்புடன்
அம்மா தங்கேஸ்வரி
எழுதியது தங்கச்சி சுதாஜினி

பி.கு. அம்மா சமைக்கப் போய்விட்டார். ஒன்றிலும் பெயர் எழுதவேண்டாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதே பேனாவால் அகராதியின் முதல் பக்கத்தில் சுதாஜினி குணசேகரம் என்று தமிழில் எழுதினேன். மை காய்ந்ததும் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.