இதுவும் புதுச்சேரிதான்

21 மே 1978, ஞாயிறு
நெல்லித்தோப்பு

அப்பா இன்று என்னிடம் சிரித்துப் பேசினார். “மாஹேயில வசந்தாவப் பாத்துட்டு, அப்பிடியே மலை, ஆறெல்லாம் சுத்திப் பாத்துட்டு வரலாம். நீயும் வா ராஜி.” நோணாங்குப்பம் படகுத்துறைக்குக்கூட என்னை அழைத்துப் போகாத மனிதர்.

போன வருஷம் வசந்தா அக்காவை மாஹேயில் அரசாங்க வேலை பார்க்கும் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது தெருவெல்லாம் சொன்னார்: “மாஹே இன்னா வெளியூரா? அதுவும் புதுச்சேரிதான்.” பக்கத்திலிருக்கும் தவளக்குப்பம் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் என்று அக்கா நினைத்துவிட்டாள். ஊர் இருப்பது கேரளக் கடலோரத்தில்; ஆட்சி மட்டும்தான் புதுச்சேரி. அவள் போனதும் வீட்டு வேலைக்கு ஆளில்லை என்று என்னை எட்டாவதோடு நிறுத்தினார்கள். அதை மறக்கவில்லை. இருந்தாலும் துணி மடித்து வைத்துவிட்டேன். நான் மலையைப் பார்த்ததே இல்லை.

24 மே

சேலத்தில் மங்களூர் ரயில் பிடித்தோம். விடிந்து பார்த்தால் மண் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. வீட்டுக்கு வீடு பலாமரம், அதன்மேல் மிளகுக்கொடி. எத்தனை பாலங்கள்! எல்லா ஆற்றிலும் தண்ணீர். நம் ஊர் ஆற்றில் இப்போது மணல்தான் இருக்கும். கோழிக்கோடு தாண்டியதும் ஒரு பக்கம் தென்னைகளுக்கு நடுவே கடல். மறுபக்கம் மேகம். அதற்குப் பின்னால்தான் மலையாம்.

மாலையில் சூரியன் கடலுக்குள் விழுந்தது. எங்கள் ஊரில் அது கடலிலிருந்து எழும்பும். எனக்குத் தலை சுற்றியது.

26 மே

கிணற்றடியிலிருந்து வந்து பார்க்கிறேன், அப்பாவின் பையைக் காணோம். அப்பாவையும் காணோம்.

“பிரசவம் முடியற வரைக்கும் நீ இருப்பேன்னு சொன்னாரே, உனக்குத் தெரியாதா?” என்றாள் அக்கா. அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அப்பா சொன்னாராம்: “இங்கயும் புதுச்சேரி ஆஸ்பத்திரிதான். தாய் வூடு மாதிரிதான்.”

தாய் வீடா? தாய் அங்க இருக்கா, வீடு எப்பிடி இங்க வரும்? சொல்லியிருந்தா அக்காவுக்காக நானே வந்திருக்க மாட்டேனா? எதுக்கு மலைன்னு பொய் சொல்லணும்?

10 ஜூன்

மழை. மழை. சுற்றிப் பார்க்க வந்தவள் கிணறு, அடுப்பு, துவைக்கிற கல் என்று சுற்றுகிறேன்.

பக்கத்து வீட்டு ஜானு அம்மா, “வெள்ளம் வேணோ?” என்றாள். வாசலில் ஓடுகிற வெள்ளம் போதாதா என்று நினைத்தேன். அவள் நீட்டியது ஒரு சொம்பு குடிதண்ணீர். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

2 ஜூலை

மலையைக் காட்டுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். “மழை வுடட்டும்” என்றார். எல்லாருக்கும் சொல்ல ஏதாவது கிடைத்துவிடுகிறது.

6 ஆகஸ்ட்

பெண் குழந்தை. இவள்மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

22 ஆகஸ்ட்

மாமா வேலை செய்யும் அரசாங்க அலுவலகத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு தொடங்குகிறார்களாம். எட்டாவது போதும், ஆனால் புதுச்சேரிக்காரியாக இருக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பெண்கள் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் ஊர் கேரளம். எனக்கு இடம் உண்டு. பெயர் கேட்டபோது முதலில் முணுமுணுத்தேன். இரண்டாவது முறை சத்தமாகவே சொன்னேன்.

10 செப்டம்பர்

அப்பா வந்தார். குழந்தையைப் பார்த்தார். சாப்பிட்டார். “கெளம்பு, அங்க வேலைக்கு ஆளில்ல” என்றார்.

அவரிடம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் எனக்குப் பேசிப் பழக்கம். இன்று வெளியே வந்தேன்.

“சுத்திப் பாக்கத்தானே கூட்டியாந்த? நான் இன்னும் ஒண்ணும் பாக்கல. தையல் கிளாஸ் வேற சேந்துட்டேன்.”

“அம்மாவுக்கு யாரு தண்ணி எடுத்துக் குடுக்கறது?”

“நீதான்.”

“வயசுப் பொண்ண வெளியூர்ல வுட்டுட்டு எப்பிடிப் போறது?”

“எது வெளியூரு? இதுவும் புதுச்சேரிதான்ப்பா.”

மாமா எழுந்து பலமாக இருமிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டார். அக்கா குழந்தையின் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

17 செப்டம்பர், ஞாயிறு

மழை விட்டது. வகுப்பு இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற குன்றுக்குத் தனியாகப் போனேன். கிழக்கே மலைகள் தெரிந்தன. ஒன்றின் பின்னால் ஒன்று, முதலில் கரும்பச்சை, அப்புறம் நீலம், கடைசியில் புகை. இத்தனை நாளும் அங்கேயேதான் நின்றிருக்கின்றன.

அப்பாமேல் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம். மலை என்ன செய்தது எனக்கு?

சூரியன் கடலுக்குள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றவில்லை.