ஆகட்டும், போதும்

ஜூன் 9, ஞாயிறு

எங்கள் படக்குழு இன்று பிறந்தது. மொத்தம் மூன்று பேர். இயக்குநர் மேதை. அந்தப் பெயரை நாங்கள்தான் கிண்டலுக்கு வைத்தோம், அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டான். ஒளிப்பதிவு கோணல். அவன் பிடித்தால் நேராக நிற்கிற சுவர்கூடச் சாய்ந்துதான் தெரியும். ஒலிப்பதிவு நான். எந்நேரமும் ஹெட்ஃபோனும் கையுமாகத் திரிவதால் எனக்கு 'காது' என்று பெயர். இருக்கட்டும்.

கல்லூரிக் குறும்பட விழாவுக்கு எடுக்கிறோம். படத்தின் பெயர் 'மௌனத்தின் முழங்கை'. அர்த்தம் கேட்டேன். "அத பாக்குறவங்க முடிவு பண்ணட்டும்" என்றான் மேதை. அவனுக்கும் தெரியாது என்று அர்த்தம்.

கதை இதுதான்: வீட்டை விட்டுப் போன மகன் தன் பொருள்களை எடுக்க வருகிறான். அப்பா கதவைத் திறக்கிறார். இரண்டு வார்த்தை பேசுகிறார்கள், ஒத்துவரவில்லை, அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மகன் போய்விடுகிறான். எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று பார்த்தால், போன மாதம் கேன்டீனில் நான் புலம்பியது! டீயோடு சேர்த்து அதையும் உறிஞ்சி வைத்திருக்கிறான். திட்ட வாயைத் திறந்தேன்.

"படப்பிடிப்புக்கு உங்க வீடுதான் சரியா பொருந்தும்" என்றான்.

பின்னே, பொருந்தாமல்?

ஜூன் 10

புலம்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். தன் கம்பெனியிலேயே அண்ணனையும் சேர்த்துவிட்டார். அண்ணனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் கேக் செய்யப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பா அவனிடம் பேசுவதில்லை. அவன் பேக்கரிக்கு மேலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வருவான், அம்மா போடுவதைச் சாப்பிடுவான், போவான்.

நானும் அம்மாவும் தபால்காரர்கள். "அவன் பைக்குக்கு இன்ஷூரன்ஸ் முடியப் போகுதுன்னு சொல்லு" என்பார் அப்பா. "கட்டியாச்சுன்னு சொல்லு" என்பான் அவன். ஒரே ஊர். ஒரே மூக்கு. ஒரே வீம்பு.

ஜூன் 11

மேதை சட்டம் போட்டிருக்கிறான். 'ஆக்‌ஷன்', 'கட்' எல்லாம் பழசாகிவிட்டதாம். நம் படத்துக்கு நம் சொல். 'ஆகட்டும்' என்றால் கேமரா ஓட வேண்டும். 'போதும்' என்றால் நிற்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது.

கோணலுக்கு இது பழகவே பழகாது என்று நினைத்தேன். தப்பு. ஒரே நாளில் பழகிவிட்டது. அதுதான் பிரச்சினை. சாயங்காலம் எங்கள் வீட்டை ஒத்திகையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்கு டீ ஊற்றினாள். "போதும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் கேமராவைத் தானே நிறுத்திவிட்டான்.

ஜூன் 12

அப்பாவிடம் கேட்டாயிற்று. வீடு மட்டும் கேட்கத்தான் போனோம். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை மேதை சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அங்கிள், நீங்களே அப்பாவா நடிச்சிடுங்க. உங்க முகத்துல அடக்கி வச்ச ஒரு கோவம் இருக்கு."

"அது என் முகமே அப்படித்தான் தம்பி."

என்னை ஒரு தடவை பார்த்தார். கதை தெரியுமா அவருக்கு? சொன்னேன், பாதி விழுங்கி. பேப்பரை மடித்தார். "ஆகட்டும்" என்றார்.

கோணலின் விரல் தன்னால் கேமராவைத் தட்டி ஓடவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

முதல் நாள் படப்பிடிப்பு. மகனாக நடிப்பது எங்கள் வகுப்பு 'நட்சத்திரம்'. தலைமுடியைச் சரிசெய்வதிலேயே அரைநாள் போய்விட்டது. கடைசியில் அவன் கதவைத் தட்டுவது மட்டும் எடுத்தோம், அதுவும் நீலச் சட்டை போட்ட முதுகு மட்டும்.

எனக்கும் திட்டு விழுந்தது. காட்சி முடிந்தாலும் ரெக்கார்டரை அணைக்க மறந்துவிடுகிறேன். கார்டு முழுக்க எங்கள் ஊர்வம்பு. "இந்தப் படத்துல உன் தும்மல்தான் அதிகம் பதிவாகியிருக்கு" என்றான் மேதை. தும்மல் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதை ஏன் யாரும் பாராட்டுவதில்லை?

ஜூன் 20

நட்சத்திரம் கழன்றுகொண்டான். பற்பசை விளம்பரத்தில் வாய்ப்பாம். பல் நல்ல பல்தான், சும்மா சொல்லக் கூடாது.

ஜூன் 22

துணி எடுக்க அண்ணன் வந்தான். கையெல்லாம் மாவு வாசனை. நீலச் சட்டை. அவன் அலமாரியைத் திறந்து நிற்பதைப் பின்னாலிருந்து பார்த்த மேதைக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"அண்ணா, அதே உயரம், அதே தோள்! நீங்க நடிங்கண்ணா. உங்க முதுகு மட்டும் போதும்."

கோணல் கேமராவை நிறுத்தினான். அது ஓடவே இல்லை, அதையும் நிறுத்தினான்.

"யாரு அப்பாவா நடிக்கிறது?" என்று அண்ணன் கேட்டான். நான் சுவரில் தொங்கிய அப்பாவின் சட்டையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான், புரிந்துகொண்டான். மறுக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"முதுகுதானே" என்றான்.

மேதை குதித்துக்கொண்டு போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். பேக்கரிக்காரர் வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறாராம். அதை இவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வருகிற எட்டாம் தேதி கிளம்புகிறான்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அம்மா சொல்லிடுவாங்க."

மறுபடியுமா? போன தடவை சொல்லாமல் போய்த்தானே இவ்வளவும். இப்போ ஊரை விட்டே போறான், இப்பவும் அம்மா சொல்லணுமாம். அப்புறம் யார் எப்போ பேசுறது? எனக்குக் கல்யாணம் ஆகி, என் பிள்ளைக்கும் இதே தபால் வேலையா? சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டேன். "நீ எப்பவும் அப்பா கட்சிதான்டி" என்றான். நான் எந்தக் கட்சியும் இல்லை. ரெண்டு பேரையும் ஒரே வீட்டில் ஒரு தடவை பார்த்தால் போதும் எனக்கு.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அண்ணன் வந்தான், வாசலிலேயே நின்றான். அப்பா வேலைக்குப் போவதுபோல் ஷேவ் செய்து தயாராக நின்றார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், அண்ணன் செருப்பைப் பார்த்தான். "நான் ஏதாவது நடிக்கணுமா?" என்று கேட்ட அம்மாவை மேதை சமையலறையிலேயே சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டான். அவளுக்கு அதில் வருத்தம்.

"ஆகட்டும்!"

"எதுக்கு வந்த?" என்றார் அப்பா.

"என் பொருள எடுக்க."

"எடுத்துக்கிட்டு?"

"போறேன்."

இவ்வளவுதான் வசனம். பிறகு அப்பா முகத்தைத் திருப்ப வேண்டும். மேதை "போதும்" என்பான். மூன்றாவது தடவையே அவனுக்குத் திருப்தி. கட்டிப்பிடிக்காத குறைதான்.

"எனக்குச் சரியா வரல தம்பி. இன்னொரு தடவ எடுப்போம்" என்றார் அப்பா.

எடுத்தோம். இந்த முறை அண்ணன், "வசனம் மறந்துபோச்சு" என்றான். 'போறேன்' என்ற ஒரு சொல் மறந்துபோச்சாம்! மறுபடி எடுத்தோம். அடுத்து அப்பா தன் குரல் சரியில்லை என்றார். அடுத்து அண்ணன், தான் நின்ற இடம் தப்பு என்றான். மேதை தன் இயக்கத்தால்தான் இருவரும் இப்படி உழைக்கிறார்கள் என்று பூரித்துப்போயிருந்தான். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. 'போதும்' என்றதும் இருவரும் கடிகாரத்துக்கும் செருப்புக்கும் திரும்பிவிடுகிறார்கள். 'ஆகட்டும்' என்றால்தான் பேச முடிகிறது. அதனால் இவர்கள் முடிக்க விடமாட்டார்கள்!

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மைக் ஆடியது.

கடைசித் தடவை. "எதுக்கு வந்த?" "என் பொருள எடுக்க." "எடுத்துக்கிட்டு?" "போறேன்."

அப்பா முகத்தைத் திருப்பவில்லை.

"போதும்டா" என்றார்.

கோணல் கேமராவை நிறுத்திவிட்டான். அப்பா நிறுத்தவில்லை.

"நீ வேலைய விட்டதுக்கு இல்லடா. கேக் செய், என்ன வேணா செய். சூப்பர்வைசர் வந்து 'உங்க பையன் நின்னுட்டானாமே, ஏன்?'னு கேக்குறான். அத்தன பேர் முன்னாடி ஸ்பேனர கையில வச்சுக்கிட்டு முழிச்சேன்டா. பெத்தவனுக்கே தெரியல. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா விடமாட்டீங்கன்னு பயமா இருந்துச்சுப்பா."

"விட்டிருக்க மாட்டேன்தான்" என்றார். "அதுக்காக?"

சமையலறையில் ஒரு மூடி விழுந்து உருண்டது. யாரும் அசையவில்லை. மேதைகூட வாயை மூடிக்கொண்டிருந்தான், அது இரண்டாவது அதிசயம்.

"வேற ஊருக்கு என்னைய அனுப்புறாங்கப்பா. எட்டாம் தேதி கிளம்பணும். இன்னும் அம்மாகிட்டகூட சொல்லல." அண்ணனின் குரல் சின்ன வயதில் இருந்ததுபோல் ஆகிவிட்டது. "போகட்டுமாப்பா?"

அப்பா அவனை நேராகப் பார்த்தார்.

"ஆகட்டும்."

கோணல் கேமராவைத் தட்டி ஓடவிட்டான்.

ஜூலை 1

எடுத்ததை ஓட்டிப் பார்த்தால், அப்பா "போதும்டா" சொல்லும்வரை இருக்கிறது. பிறகு எதுவும் இல்லை. அடுத்து நேராக, எங்கள் பக்கம் திரும்பிய அண்ணன் முகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாய்ந்த வாக்கில். மேதை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"போதும்னா நிறுத்தணும், கேள்வி கேக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?" என்றான் கோணல். நியாயம்தான். இதற்கு எந்த நீதிமன்றத்திலும் அவனுக்குத் தண்டனை கிடைக்காது.

ஜூலை 2

ரெக்கார்டரை அணைக்கவில்லை!!! நான் வழக்கம்போல அணைக்கவே இல்லை. எல்லாம் இருக்கிறது. மூடி உருள்வதுகூட.

ஜூலை 3

மேதையிடம் போட்டுக் காட்டினேன். "திரை கறுப்பு. குரல் மட்டும். அப்புறம் முகம்" என்றான். உண்மையிலேயே மேதையோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. பிறகு, "இருட்டுதான் மௌனத்தோட முழங்கை" என்றான். சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் அது எங்கள் வீட்டுப் பேச்சு. ஊர் பார்க்கப் போடலாமா? அவர்கள் சொல்லாமல் முடியாது என்றேன். இந்த வீட்டில் இனிமேல் எதுவும் சொல்லாமல் நடக்கக் கூடாது.

ஜூலை 5

அப்பாவுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். லிஃப்ட் மோட்டாரைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார்.

"அவன் மூச்சு விடுறதுகூடக் கேக்குது" என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, "நல்லா பண்ணியிருக்க" என்றார். என் ஒலிப்பதிவுக்கு முதல் பாராட்டு. அழுதுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

"போட்டுக்கோ. உங்கம்மா மூடிய போட்டத மட்டும் எடுத்துடு."

"நான் அழுதுக்கிட்டிருந்தேன், கை நழுவிடுச்சு! அது இருக்கட்டும்!" என்றாள் அம்மா உள்ளிருந்து. முதல் படம் அவளுக்கு, விட்டுக்கொடுப்பாளா?

அண்ணனிடமிருந்து செய்தி: 'போடு வாலு. ஆனா என் முதுகுதான் அழகு.'

ஜூலை 8

அண்ணன் கிளம்பிவிட்டான். பையை அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "பைக் அங்க வந்து சேர்ந்ததும் ஆயில் மாத்தச் சொன்னேன்" என்றார்.

நேரில் சொன்னாராம்! எனக்கு வேலை போய்விட்டது.

ஜூலை 20

விழா. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், அம்மா பக்கத்தில். திரை கறுப்பானதும் பின் வரிசையில் ஒருவன் "கரண்ட் போச்சு!" என்று கத்தினான். அப்பாவின் குரல் வந்ததும் அடங்கிவிட்டான். மூடி விழுந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்த்தாள்.

நடுவர் ஒருவர் அந்த இருட்டு எப்படித் தோன்றியது என்று கேட்டார். மேதை எழுந்து பேச ஆரம்பித்தான். அவர் பாவம், கேட்டிருக்கக் கூடாது.

படத்துக்குப் பரிசு இல்லை. சிறந்த கேமரா கோணத்துக்குப் பரிசு கோணலுக்கு. அவன் கோப்பையையும் சாய்த்துத்தான் பிடித்திருந்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அண்ணனுக்குப் படத்தின் பிரதி இன்றுதான் போய்ச் சேர்ந்தது. உடனே ஃபோன் வந்துவிட்டது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். யார் நடிப்பு நன்றாக இருந்தது என்று தொடங்கியது.

"நீ எங்கடா நடிச்ச, முதுகக் காட்டிக்கிட்டு நின்ன!"

"உங்க வசனத்த நீங்களே மாத்துனீங்களேப்பா, அது நடிப்பா?"

அதிலிருந்து பைக்குக்குப் போய், அங்கிருந்து லிஃப்டுக்குப் போய், பேக்கரி அடுப்பை எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று அப்பா அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. வீடு முழுக்கச் சத்தம். நான் நாளைய தேர்வுக்குப் படிக்க வேண்டாமா?

"போதும்!" என்று கத்தினேன்.

யாரும் நிறுத்தவில்லை.

"விடுடி" என்றாள் அம்மா. "ஓடட்டும்."