பூனை வழக்குக்கு ஒரு நீதிபதி

மார்ச் 3, செவ்வாய்

வெட்டி வைத்த சட்டைத் துணிமேல் இன்றும் அந்தச் சனியன் ஏறிப் படுத்துவிட்டது. கறுப்புத் துணி, வெள்ளை முடி. விரட்டினால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறது. தையல்காரி வீட்டில் பூனைக்கு என்ன வேலை?

மார்ச் 5

குடியிருப்புச் செயலாளர் ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். விஷயம் இந்தப் பூனைதான். முதல் மாடிப் பல் டாக்டர் வீடு மாறுகிறாள். பூனையையும் கூட்டிப் போவாளாம். கீழே இருக்கும் பேக்கரிக்காரர் விடமாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். ஏன் நான்? இந்தக் கட்டடத்திலேயே ‘டிஸ்இன்டரஸ்டட்’ ஆள் நான்தானாம்!

எதிலும் அக்கறை இல்லாதவளா நான்? பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரிடம் காட்டினால், இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். “உனக்கா அக்கறை இல்ல? லிஃப்ட் சத்தம் கேட்டாலே யாருன்னு எட்டிப் பாக்கறவளாச்சே!”

மார்ச் 6

செயலாளரைப் படிக்கட்டில் மடக்கினேன். பாவம், கையில் காய்கறிப் பை வேறு.

“ஐயோ, அது திட்டு இல்லம்மா, பாராட்டு! அக்கறை இல்லாதவங்கன்னு அர்த்தமே இல்ல. யார் ஜெயிச்சாலும் உங்களுக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. அதனால நியாயமா சொல்லுவீங்க. ஜட்ஜுக்கெல்லாம் சொல்ற வார்த்தைம்மா. நிறையப் பேர் தப்பாத்தான் நெனச்சுக்கறாங்க.”

அப்படியா சேதி! அகராதியிலும் பார்த்தேன், சரிதான். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. சாப்பிடும்போது இவருக்கு அர்த்தத்தை விளக்கினேன். குழம்பு ஊற்றும்போது மறுபடியும் விளக்கினேன்.

மார்ச் 7

இருவரையும் விசாரித்தாயிற்று. குட்டியாக அடிபட்டுத் தெருவில் கிடந்ததைத் தூக்கி வந்து, காலுக்குக் கட்டுப் போட வைத்து, வளர்த்தது பல் டாக்டர். “தினம் பால் ஊத்தறது யாரு? நான்!” இது பேக்கரிக்காரர் கட்சி. அவ்வளவுதான். நியாயம் எந்தப் பக்கம் என்று குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் நான் பேக்கரிக்காரருக்காகக் காரணம் தேடிக்கொண்டே இருக்கிறேன். பழகின இடமாச்சே, புது வீடு ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம். எனக்கு ஏன் இந்தத் தேடல்?

மதியம் பூனை வரவில்லை. கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். தைத்த காலர் கோணல். பிரித்துத் தைத்தேன், அதுவும் கோணல். இங்கேயே இருந்தால் மதியம் என்னிடம் வரும். போய்விட்டால் — ஐயோ, போகக் கூடாதே!

மார்ச் 8, ஞாயிறு

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். “அந்த வார்த்தைக்கு நான் லாயக்கில்லைங்க. மதியம் பூரா அது எங்க வீட்லதான் தூங்குது. அது போனா நஷ்டம் எனக்குத்தான்.”

பேக்கரிக்காரர் வாயைப் பிளந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. கடைசியில் செயலாளரே தீர்ப்புச் சொன்னார். பூனை பல் டாக்டருக்கு.

மார்ச் 14

போய்விட்டது. துணியில் ஒரு முடி இல்லை. நல்லதுதானே — எதற்கு அழுதேன்?

மார்ச் 22

பல் டாக்டர் போன் செய்தாள். “அக்கா, மதியம் ஆனா வீடு பூரா சுத்திச் சுத்திக் கத்துது. உங்க வெட்டுத்துணி ஒண்ணு அனுப்புங்களேன், அந்த வாசனைக்குத் தூங்கும்.”

கறுப்புத் துணியில் ஒரு சின்ன மெத்தையே தைத்துவிட்டேன். கூரியரில் போட்டால் போதும் என்றாள். போதாது, நானே கொண்டுவருகிறேன் என்றேன்.