டெங்கு கிட்டுக்கு நல்ல காற்று

மார்ச் 4, 2025

இன்றும் லேபின் ஏர் ஃபில்டரை மாற்றினோம். வெள்ளையாகப் போட்டது கரிச்சட்டி நிறத்தில் வெளியே வந்தது. அந்தத் தூசியில் நாங்கள் தயாரிக்கும் டெங்கு பரிசோதனைக் கிட்டுகளில் பாதி தேறவில்லை. தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு என்பதால் முதலாளி பாலகணேஷ் என்னைத்தான் கூப்பிட்டார்.

"பெர்சிஸ், திருவொற்றியூர் போதும்மா. கம்பெனியைத் திருநெல்வேலிக்கு மாத்திடலாம்."

சின்ன ஊரின் நன்மைகளை அடுக்கினார். வாடகை குறைவு, டிராஃபிக் இல்லை, காற்று சுத்தம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முக்கியமா, அங்க வேற கம்பெனியே கிடையாது. வேலையை விட்டுட்டு எங்க போவாங்க?" என்றார்.

ஊரைப் பற்றிச் சொன்னாரா, ஜெயிலைப் பற்றியா?

இதையெல்லாம் ஊழியர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 7

சொன்னேன். சுத்தமான காற்று என்ற இடத்தில் கொஞ்சம் உருகியே சொன்னேன். சௌமியா கையைத் தூக்கினாள். லேபில் அவள் கை பட்ட வேலை தவறியதில்லை. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பெண்.

"மேடம், இந்தக் காத்த கிட்டு தாங்கலன்னு கம்பெனியையே மாத்துறீங்கோ. நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன். எனக்கு ஒரு மாஸ்க் குட்த்தீங்கோ, அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

டீ வந்துவிட்டது என்று சொன்னேன்.

மார்ச் 9

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். ராயபுரத்தில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக்கடை வைத்து ஆளான மாமனார் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பொழைக்க வழியில்லன்னுதாம்மா திருநெல்வேலிய விட்டு வந்தோம். பொழைக்கதுக்கு அங்கயா போற?"

கணவர் ஜெரின், "போயிட்டு வா" என்றார். மார்க்கெட்டுக்குப் போகிறவளிடம் சொல்வது போல.

மார்ச் 20

"நீங்க எப்ப சார் அங்க குடிபோறீங்க?" என்று கேட்டேன்.

பாலகணேஷ் பதறிவிட்டார். "நானா?"

ஏப்ரல் 2

சௌமியா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மதியம் அவள் அம்மா மங்கம்மா வந்தார். மீன்கூடையைச் செக்யூரிட்டி காலடியில் வைத்துவிட்டு நேராக என் அறைக்கு.

"எம் பொண்ண இட்டுகினு போ கண்ணு. இந்தக் காத்துல இர்ந்தா நெஞ்சு கெட்டுப்பூடும்னு டாக்டரு சொல்றாரு. அது என்னிய வுட்டுட்டு வரமாட்டேன்னுது."

"நீங்களும் வாங்களேன்."

"கடலு இல்லாத ஊர்ல நான் இன்னா பண்றது?"

சௌமியாவைக் கூப்பிட்டேன். அம்மாவும் மகளும் என் எதிரிலேயே சண்டை போட்டார்கள். மகள் தோற்றாள்.

ஜூன் 11, திருநெல்வேலி

புதிதாக ஆள் எடுத்தோம். நல்ல பிள்ளைகள், நன்றாகப் படித்தவர்கள். கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "மேடம், சென்னையில பிராஞ்ச் இருக்கா?"

சௌமியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை செய்கிறாள். "இன்னா மேடம் ஊரு இது, ஒரு லாரி சத்தம் கூட இல்ல. தூங்கவே முடியல, பேஜாரா கீது."

ஆகஸ்ட் 18

கிட்டுகள் தேறுகின்றன. பாலகணேஷ் விமானத்தில் வந்து சுத்தமான காற்றைப் பற்றிப் பேசிவிட்டு, அதைச் சுவாசிக்க நேரமில்லாமல் சாயங்காலமே திரும்பினார்.

புதுப் பிள்ளைகளில் இரண்டு பேர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அவருக்கு ஒரே கோபம். "சின்ன ஊர்ல யாரும் வேலைய விடமாட்டாங்கன்னு நீதானேம்மா சொன்னே?"

நானா!

சௌமியா கடைசியாக எப்போது இருமினாள்? யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பர் 25

பாலகணேஷ் போன் செய்தார். திருவொற்றியூர்க் கட்டடத்தைக் கோடவுன் ஆக்குகிறாராம். பார்த்துக்கொள்ளச் சௌமியாவை அனுப்ப வேண்டுமாம். "அவ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே, அந்தக் காத்து அவளுக்குப் பழக்கம்."

என்ன மனுஷன் இவர்! "அவளை அனுப்பினா நானும் வேலைய விட்டுடுவேன் சார்" என்றேன்.

விட்டுவிட்டு எங்கே போவேன்? இங்கே வேறு கம்பெனி இல்லை. ஆனால் இங்கே வந்து இந்த வேலையைப் பார்க்க அவருக்கும் வேறு ஆள் இல்லை. சின்ன ஊரின் இந்த நன்மையை அவர் யோசித்திருக்கவில்லை. "சரி சரி, விடும்மா" என்றார்.

சௌமியாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்கம்மா அந்தக் காத்துலதானே மேடம் கீது" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சௌமியா லீவு போட்டுப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டேன்.

"நீ வர்லன்னா நான் அந்த கோடவுனுக்கே வந்துடுவேன்னு சொன்னேன் மேடம்."

மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மங்கம்மா இந்த ஊர் மீனைப் புரட்டிப் பார்த்து, "கலீஜ்" என்று சொல்லிக்கொண்டே குழம்பு வைத்தார். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் பாயை விரித்து ஜன்னலோரமாகப் படுத்தார். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து விழும் என்று பகலிலும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்களாம். பழக்கத்தில் சௌமியா சாத்தப் போனாள்.

"வுடு" என்றார் மங்கம்மா, கண்ணைத் திறக்காமல். "தொறந்தே கெடக்கட்டும்."